குலதெய்வம் தெரியவில்லையா? முதலில் பங்காளியைத் தேடுங்கள்

கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் எல்லோரும் குலதெய்வத்தின் பெயரைப் போடுவார்கள். எங்கள் வீட்டுப் பத்திரிகைகளில் "குலதெய்வம் துணை" என்று மட்டும் இருக்கும். எந்தச் சாமி, எந்த ஊர் என்று இருக்காது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த குடும்பங்களில் பலருக்குப் பூட்டன் காலத்து ஊரும் தெரியாது, சாமியும் தெரியாது. நான் சில வருடங்கள் அலைந்து, சேர்த்து வைத்ததோடு கொஞ்சம் நகைக்கடனும் போட்டு, எங்கள் வகையறாவைக் கண்டுபிடித்தேன். எங்கே காசு போகும், எங்கே நாள் வீணாகும், யார் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று யாராவது முன்னமே சொல்லியிருந்தால் செலவில் பாதி மிச்சம். எனக்குச் சொல்ல ஆளில்லை. இதே தேடலில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் கதை இதுதான். என் பூட்டனும் அவர் தம்பியும் திருச்சி ஜில்லாவிலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்க வந்த ஒரு கங்காணி பின்னால் கண்டிச்சீமைக்கு, அதாவது இலங்கை மலையகத்துக்குப் போனவர்கள். தாத்தா தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே கண்ணை மூடினார். 1948-ல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் இவர்கள் எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்றானது. 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மிச்சத்தை 1974-ல் நாட்டுக்கு 75,000 பேர் என்று பிரித்துக்கொண்டார்கள். அப்பா 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அங்கிருந்து கூடலூர்த் தேயிலைக் காட்டுக்கு வந்து சேர்ந்தார். தோட்டத்தில் கும்பிட்ட சாமிகளை அவர் மறக்கவில்லை. மாரியம்மன், முனி, ஃபேக்டரிச் சக்கரத்தைக் காக்கும் ரோதமுனி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கும்பிடும் கவ்வாத்துசாமி. ஆனால் இவையெல்லாம் தோட்டத்துச் சாமிகள். வீட்டுச் சாமி எது என்று கேட்டால் "அதெல்லாம் ஊர்ல இருக்கு" என்பார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது.

தம்பிக்குப் பெண் அமையாமல் தள்ளிக்கொண்டே போனபோது அம்மா பிரசன்னம் பார்க்க வேண்டும் என்றாள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. கோவிலுக்குப் போவேன், கும்பிடுவேன், அதோடு சரி. ஆனால் அப்பா போன பிறகு அம்மா தூங்காமல் கிடந்ததைப் பார்த்தவள் நான்தான். அழைத்துப் போனேன். தட்சணை ரூ.5,000. சோழி உருட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "தெற்குப் பக்கமோ?" அம்மா முகத்தில் ஒன்றும் இல்லை. "வடக்கால தண்ணி ஓடுற எடம், பொம்பளைத் தெய்வம்." அம்மாவின் கண் விரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் வேறொரு மாவட்டத்தில் இருக்கும் பெரிய அம்மன் கோவிலின் பெயர் வந்தது. குலதெய்வத்தை மறந்த சாபம் என்றும், அதற்குப் பரிகாரம் ரூ.42,000 என்றும் வந்தது. கட்டினோம். அந்தக் கோவிலுக்கு வருடா வருடம் வேன் பிடித்துப் போனோம். அந்த அம்மன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்றைக்கும் அம்மா அவளைத்தான் "தாயே" என்று கூப்பிடுகிறாள். தம்பிக்கும் பிறகு நல்ல இடத்தில் முடிந்தது. ஆனால் எங்கள் பங்காளிகள் யாரும் அங்கே வருவதில்லை என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. குலதெய்வக் கோவில் என்றால் அங்கே நம் பெயரைச் சொல்லி விசாரிக்க ஒரு கிழவியாவது இருக்க வேண்டாமா?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜோசியமோ, கோடாங்கியோ, நாடியோ, உங்கள் நம்பிக்கை உங்களுடையது. ஆனால் தகவல் யார் வாயிலிருந்து முதலில் வருகிறது என்று கவனியுங்கள். நம் வாயிலிருந்தும் முகத்திலிருந்தும் எடுத்ததையே நமக்குத் திருப்பிக் கொடுத்தால் அது பதில் ஆகாது. நாம் சொல்லாத ஒன்றை, நம் வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, எதிராளி தானாகச் சொன்னால்தான் கணக்கு. பின்னால் ஊரில் போய் விசாரித்தபோதும் இதைத்தான் உரைகல்லாக வைத்துக்கொண்டேன்.

அடுத்து காகிதம். வீட்டுப் பெட்டியில் அப்பாவின் பாஸ்போர்ட் இருந்தது, கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. தாயகம் திரும்பியோருக்குத் தந்த குடும்ப அட்டையும் இருந்தது. இரண்டிலும் பூர்வீக ஊராக முசிறிப் பக்கம் ஒரு கிராமத்தின் பெயர். இவ்வளவு எளிதா என்று சந்தோஷமாகப் பஸ் ஏறினேன். ஊருக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி "யாரைப் பார்க்கணும்?" இரண்டாவது, "நீங்க என்ன ஆளுங்க?" சொன்னேன். அதற்குப் பிறகு திண்ணையில் உட்காரச் சொன்னவர்கள் நின்றபடியே பேசினார்கள். "இங்கேருந்து அப்படி யாரும் கண்டிக்குப் போகலையே" என்று ஒருவர் முடித்துவிட்டார். எங்கள் தெருப் பக்கம் போய்க் கேட்டேன். அவர்கள் மோர் கொடுத்தார்கள், மனசாரப் பேசினார்கள். ஆனால் யாருக்கும் எங்கள் வீட்டுப் பெயர்கள் பிடிபடவில்லை. இந்தத் தேடலில் சாதி கேட்கப்படும். பதிலுக்கு ஏற்ப முகங்கள் மாறும். இதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். முடிந்தால் பெரிய தெருவில் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் இருந்த ஊர் எப்படித் தப்பானது என்பது வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. எங்கள் லயத்தில் இருந்தவர்களின் குடும்ப அட்டைகளை ஒவ்வொருவரிடமாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பல வீடுகளில் அதே ஊர். அது கங்காணியின் ஊர். அறுபதுகளில் குடியுரிமைக்கு மனு எழுதியபோது பூர்வீகம் தெரியாத குடும்பங்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவர் ஒரே ஊரைப் போட்டு முடித்திருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த உதவி அதுதான். ஆகவே மலையகக் குடும்பம் என்றால், அட்டையில் இருக்கும் ஊரை நேராக நம்பி வண்டி ஏறாதீர்கள். பக்கத்து வீட்டு அட்டையில் என்ன ஊர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரே ஊர் வரிசையாக வந்தால் சந்தேகப்படுங்கள்.

அரசு ஆவணங்களிலும் கொஞ்ச காலம் மாட்டிக்கொண்டேன். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, வில்லங்கச் சான்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நிலம் இருந்த குடும்பங்களுக்கு இவை தங்கம். பழைய கிரயப் பத்திரங்களில் இன்ன கிராமம், இன்னார் குமாரர் இன்னார் என்று தலைமுறையே எழுதியிருக்கும். ஆனால் நிலம் இருந்தவன் ஏன் தேயிலைக்குப் போகிறான்? எங்களுக்கு அதில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. கிராமக் கணக்கு வைத்திருந்த கர்ணம், கிராம முன்சீப் பதவிகளை 1980-ல் ஒழித்தபோது பழைய கணக்குகள் சில பழைய கர்ணத்தின் வீட்டிலேயே தங்கிவிட்டது உண்டு என்று ஒரு கிராம நிர்வாக அலுவலர் சொன்னார். வாய்ப்பிருந்தால் அந்த வீடுகளையும் விசாரிக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் கப்பலில் போனவர்கள் பட்டியலில் பூட்டன் பெயர் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே தெரிந்துகொண்டது வேறு. நேட்டாலுக்கும் மொரீசியஸுக்கும் ஃபிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் எல்லாம் அதில் உண்டு. மொரீசியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அந்தக் குடும்பத்தில் வந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள், அங்கிருந்து தொடங்குங்கள். இலங்கைக்குப் போனவர்கள் கங்காணியோடு கடனில் போனவர்கள். ஒப்பந்தமும் இல்லை, ஆள்வாரிப் பதிவும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளவே எனக்குச் சென்னைப் போக்குவரத்து, தங்கும் செலவு என்று ரூ.12,000 வரை ஆனது.

அதன் பிறகுதான் அத்தையிடம் போனேன். அப்பாவின் தங்கை, கோத்தகிரியில் இருக்கிறாள். "அத்தே, நம்ம குலதெய்வம் எது?" என்று அதுவரை எத்தனையோ பேர் கேட்டு அவளும் "தெரியாதுடி" என்று சொல்லிச் சலித்தவள். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது என் அனுபவம். அது பரீட்சைக் கேள்வி மாதிரி, தெரியாது என்றதோடு வாய் மூடிவிடும். நான் கேட்டது வேறு. உனக்கு எங்கே காது குத்தினாங்க? யார் மடியில உட்கார வச்சாங்க? தாத்தாவுக்குப் பொண்ணு எந்தத் தோட்டத்துல எடுத்தாங்க? கருமாதிக்கு யாருக்குச் சொல்லி அனுப்பினாங்க, யாருக்குச் சொல்லாம விட்டாங்க? கடைசிக் கேள்வியில்தான் கதவு திறந்தது. "சின்னப் பாட்டன் வீட்டுக்கு மட்டும் சொல்லலை. அவங்கதான் வேதத்துல சேர்ந்துட்டாங்களே" என்றாள். பூட்டனின் தம்பி கிறிஸ்தவராகிவிட்டார், அதோடு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் யாரும் இதை எனக்குச் சொன்னதில்லை. அப்பா பேச்சில்கூட ஒருநாளும் வந்ததில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒதுக்கி வைத்த கிளை ஒன்று இருக்கலாம். மதம் மாறியவர், சாதி மாறிக் கட்டியவர், சொத்துச் சண்டையில் போனவர். அந்தக் கிளையை முதலில் தேடுங்கள். ஒதுக்கப்பட்டவர்கள் ஊர்ப் பெயரை மறப்பதில்லை.

அத்தையிடம் அவளுடைய இலங்கைப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது, மடித்த இடமெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியது. மலையகத்துக்காரர்கள் இந்தக் காகிதத்தை ஊன்றிப் படியுங்கள். தகப்பன் பெயரோடு அவர் பிறந்த தேதி, பிறந்த இடம், இனம் எல்லாம் அதில் இருக்கும். கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயரும் பிறந்த ஆண்டும் இடமும் எழுத ஒரு கட்டம் உண்டு. அத்தையின் சான்றிதழில் அந்தக் கட்டத்தில் கோடு போட்டிருந்தார்கள். அப்படியானால் அவளுடைய பாட்டனார், அதாவது என் பூட்டன், இந்தியாவில் பிறந்தவராக இருக்க வேண்டும். தாத்தா பிறந்த இடமாக ஹட்டன் பக்கம் வேறொரு தோட்டத்தின் பெயர் இருந்தது, நாங்கள் அதுவரை கேள்விப்படாதது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் முதலில் இறங்கிய தோட்டம் அதுதான் என்று புரிந்தது.

இலங்கையில் தாத்தாவின் பதிவை எடுத்துத் தருகிறேன் என்று கொழும்பில் ஒருவர் போனில் சொன்னார். முன்பணம் இந்தியக் காசில் ரூ.18,000. அனுப்பியதும் இரண்டு வாரம் பதில் போட்டார், பிறகு எண்ணையே மாற்றிவிட்டார். பிரதேச செயலகத்தில் நேராக விண்ணப்பம் கொடுத்தால் அதே நகலுக்குச் சில நூறு இலங்கை ரூபாய்தான் என்று பின்னால் தெரிந்தது. தோராயமான வருடமும் எந்தப் பதிவாளர் பிரிவு என்பதும் தெரிந்திருந்தால் போதும். அங்கே சொந்தக்காரரோ தெரிந்தவரோ ஒருவர் இருந்தால் அவரையே கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் குடியிருப்பில் பலருக்கு மலையகத்தில் இன்னும் உறவு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். இன்ன தோட்டம், அண்ணன் தம்பி இருவர், தம்பி வேதத்தில் சேர்ந்தவர், தெரிந்தால் சொல்லுங்கள் என்று. அது எங்கெங்கோ சுற்றி, ஹட்டனில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. சின்னப் பாட்டனின் கொள்ளுப்பேரன், எனக்கு அண்ணன் முறை. "தங்கச்சி, எங்க வீட்டு ஆளுங்களைத்தான் நீ தேடுற" என்று அவர் அனுப்பிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது.

போய் வந்தேன். விமானம், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்து ரூ.70,000 தாண்டியது, நகைக்கடன் இதற்குத்தான். கொழும்புக் கோட்டையிலிருந்து ஹட்டன் வரை ரயில். அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். முதல் நாள் ஏதோ பரிச்சயமில்லாதவர்களைப் போல மரியாதையாகப் பேசிக்கொண்டோம். இரண்டாம் நாள் அண்ணி என்னைச் சமையலறைக்குள் விட்டாள், அதன் பிறகு சரியாகிவிட்டது. சின்னப் பாட்டன் வேதத்தில் சேர்ந்த மாதா கோவிலின் பங்குத்தந்தைக்கு அண்ணன் முன்னமே கடிதம் எழுதி, தோராய வருடமும் சொல்லியிருந்தார். இது முக்கியம். திடீரென்று போய் நின்றால் எந்தப் பங்குப் பணிமனையிலும் பழைய ஏட்டைத் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். போட்டோ எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். பெரிய நீளமான ஏடு, ஓரமெல்லாம் செல்லரித்தது. 1920-களின் பக்கங்களில் சின்னப் பாட்டனின் ஞானஸ்நானம் பதிவாகியிருந்தது. புதிய கிறிஸ்தவப் பெயர், அடைப்புக்குள் பழைய பெயர், வயது, தாய் தகப்பன் பெயர். அதன் பக்கத்தில் ஒரு கிராமத்தின் பெயரும், பெரம்பலூர் தாலுகா, திருச்சி ஜில்லா என்றும். முசிறி இல்லை. எங்கள் குலதெய்வத்துக்கு வழி மாதா கோவில் ஏட்டில் இருந்தது. அண்ணன் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்.

அந்தக் கிராமத்தைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரம்பலூர் 1995-ல் தனி மாவட்டமானது, நாமக்கல் 1997-ல். பழைய பதிவில் இருக்கும் ஜில்லாவும் தாலுகாவும் இன்றைய வரைபடத்தோடு ஒத்துப்போகாது. ஒரே பெயரில் பத்து ஊர் இருக்கும், பாதி குக்கிராமங்கள் வருவாய்க் கிராமக் கணக்கிலேயே வராது. தபால்காரர்களைக் கேளுங்கள். எனக்கு ஊரைக் காட்டியது ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர்தான்.

ஊருக்குள் போய் என்ன பெயர் சொல்லிக் கேட்பது என்பது இன்னொரு பாடம். காகிதத்தில் இருக்கும் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குப் பெரியான், கருப்பன், வீரன் என்றுதான் பெயர். கொஞ்சம் காலூன்றிய பிறகு பெரியான் பெரியசாமியாவார், கருப்பன் கருப்பையாவார். ஒரே ஆளுக்கு மூன்று பதிவில் மூன்று பெயர் வருவது சகஜம். அதனால் நான் பெயரை விட்டுவிட்டுப் பட்டப்பெயரில் கேட்டேன். இங்கே கண்டிக்காரர் வீடு, கொழும்பார் வீடு என்று ஏதாவது உண்டா என்று. ஒரு பையன் தெருக்கோடியைக் காட்டினான். அங்கே எண்பது தாண்டிய ஓர் அம்மா வாசலில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். பூட்டனுக்கு ஓர் அண்ணன் இருந்திருக்கிறார், ஊரிலேயே தங்கியவர். அவருடைய பேரன் மனைவி இவர். எனக்குப் பெரியம்மா முறை. ஆனால் அது அப்போது இருவருக்குமே தெரியாது.

தோட்டத்திலும் கூடலூரிலும் அப்பா வருடத்துக்கு ஒருமுறை ஓடைக்கரையில் ஒரு படையல் போடுவார். சேவல் அறுத்து ஆம்பிளைகள் அங்கேயே சாப்பிட வேண்டும், கறி வீட்டுக்கு வரக்கூடாது, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். இது பல வீடுகளில் இருக்கும் வழக்கம், இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனால் எங்கள் வீட்டில் இன்னொன்று உண்டு. உப்பில்லாமல் மூன்று கொழுக்கட்டை பிடித்து வைத்து, அதில் ஒன்றைத் திரும்பிப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் எறிவார். ஏன் என்று அப்பாவுக்கும் தெரியாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பிரசன்னக்காரரிடமும் சொன்னதில்லை. பெரியம்மாவிடம் பேச்சுவாக்கில், "உங்க சாமிக்குப் படையல் எப்படி?" என்று மட்டும் கேட்டேன். புளியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பெரியசாமிக்கு என்ன, சேவலு, சுருட்டு. உப்பில்லாக் கொழுக்கட்டை மூணு. ஒண்ணை முதுகுக்குப் பின்னால போட்டுடணும், பின்னால வர்றதுக்கு." எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் விடவில்லை, என்னை உரசிப் பார்த்தார். "கண்டிக்குப் போனதுல சின்னவன் என்ன ஆனான்?" வேதத்துல சேர்ந்துட்டாரு என்றேன். "அதான் மூத்தவன்கிட்டேருந்து கடுதாசி நின்னு போச்சா. எம் மாமனாரு சொல்லுவாரு, தம்பியைப் பத்திக் கேட்டு எழுதினதுலேருந்து பதிலே வரலைன்னு." நான் அழுததற்கு இது போதும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பெரியசாமி என்ற பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை வருகிறது. அதற்கு முன்னால் அது எனக்கு வெறும் பழைய பெயர்.

இருந்தாலும் அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள். கண்ணீரில் எல்லாம் பொருந்துவது போல இருக்கும். ஞானஸ்நான ஏட்டில் இருந்த தகப்பன் பெயர், பெரியம்மா வீட்டில் சொன்ன பெயர், அத்தை சொன்ன வரிசை, மூன்றையும் ஒரு காகிதத்தில் வைத்துக் கிளை வரைந்து, ஊரில் இன்னும் இரண்டு வயதானவர்களைத் தனித்தனியாகக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்குச் சொன்னேன். யார் சொன்னது, எந்தத் தேதியில் சொன்னது என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன். பெரியவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யும்போது பெயர் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். எங்கள் அத்தை பேச்சில் பாதி "அவ மாமியா, அந்த நெட்டக்காரி" என்றே இருக்கிறது, இப்போது யாருடைய மாமியார் என்று தெரியவில்லை.

கோவில் ஊருக்குள் இல்லை. வெளியே, ஓர் ஓடைக்கு அப்பால், பனைமரத்துக்கு அடியில் மேடை. சுட்டமண் குதிரைகள் இரண்டு, ஒன்றுக்குத் தலை இல்லை. பெரிய கோபுரத்துக்குப் பழகிப்போன அம்மாவுக்கு முதலில் ஏமாற்றம்தான், முகத்தில் தெரிந்தது. பொங்கல் வைத்தோம். எனக்குச் சாமி வந்தது, சிலிர்த்தது என்றெல்லாம் சொன்னால் பொய். ஆனால் பூசாரி வகையறாக்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி விபூதி கொடுத்தபோது எங்களையும் கூப்பிட்டார். அந்த வரிசையில் கை நீட்டி வாங்கியபோது, கும்பிடுவது என்பது தனியாகச் செய்கிற காரியம் இல்லை என்று தோன்றியது. அதன் பிறகு நான் கும்பிடும் விதம் மாறியிருக்கிறது. ஹட்டன் அண்ணன் வரவில்லை, அவர் பெயருக்கும் ஒரு சூடம் கொளுத்தச் சொன்னார். பங்குத்தந்தையிடம் கேட்டீங்களா என்றேன். "உங்கிட்ட சொல்றேன், ஃபாதர்கிட்ட ஏன் சொல்லணும்" என்றார்.

தேடிப் போகிறவள் பெண்பிள்ளை என்றால் கேட்பவை வேறு. "உன்னைக் கட்டிக்கொடுத்த ஊரு எது? அவங்க சாமியை நீ கும்பிடு, இதுக்கு உன் தம்பியை வரச் சொல்லு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். கோபப்பட்டால் பேச்சு நின்றுவிடும், அதனால் அப்போதைக்கு விட்டுவிட்டேன். பணம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொலைந்த பங்காளி கிடைத்தார் என்றதும் கோவில் திருப்பணிப் பேச்சு வந்துவிடும். வெளியூர்க்காரர் என்றால் வசதியானவர் என்று ஓர் எண்ணம். முதல் வருடத்தில் பெரிய தொகைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பங்காளிகளுக்குள் ஏற்கெனவே இரண்டு கட்சி இருக்கும், யாரிடம் கொடுத்தாலும் மற்றவருக்கு மனக்குறை. நாங்கள் தலைக்கட்டு வரி மட்டும் கட்டுகிறோம், தலைக்கட்டுக்கு ரூ.2,000. கையில் கொடுக்காமல், ரசீது போட்டு வாங்குங்கள். தலைக்கட்டு என்றால் ஆண் வாரிசுதான் கணக்கு, ஆகவே ரசீது தம்பி பெயரில் வருகிறது. பணம் என் போனிலிருந்து போகிறது. போன மாதம் அவன் கேட்டான், "அக்கா, கோவிலுக்கு எந்தப் பஸ்?" லொகேஷன் அனுப்பியிருக்கிறேன்.

அம்மா இப்போது தன் பிறந்த வீட்டுச் சாமியைக் கேட்க ஆரம்பித்திருக்கிறாள். பெண் வழியில் போனால் இன்னும் கஷ்டம், பெயரே பதிவில் ஏறியிருக்காது. அவள் அப்பாவின் குடும்ப அட்டையில் துறையூர் என்று இருக்கிறது. அவர்கள் லயத்தில் இருந்த மற்றவர்களின் அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இதுவரை வந்ததில் எல்லாமே துறையூர்.